கிணற்றடிக் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி ஒரே ஆளைப் பற்றித்தான் பேசுகின்றன. வீடு வீடாக ஏறி, கிணற்றுத் தண்ணீரைக் கண்ணெதிரே சகதியாக்கிக் காட்டுகிற ஆள். அவரிடமிருந்தே தொடங்கிவிடுவோம்.

கே: மூன்று தலைமுறையாக எங்கள் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். போன வாரம் ஒரு பையன் வந்தான். ஒரு தம்ளரில் எங்கள் தண்ணீர், இன்னொன்றில் கேன் தண்ணீர். கம்பி வைத்த ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி சுவிட்சைப் போட்டான். எங்கள் தம்ளர் கொஞ்ச நேரத்தில் பழுப்பாகி, மேலே அழுக்கு மிதந்தது. கேன் தண்ணீர் அப்படியே நின்றது. "இதைத்தான் ஆன்டி குடிக்கிறீங்க" என்றான். அன்றையிலிருந்து மருமகள் கிணற்றுத் தண்ணீரில் உலை வைப்பதில்லை. ஆர்.ஓ. மிஷின் வாங்கிவிடட்டுமா? (ஒரு வாசகி, பாகோடு)

ப: வாங்காதீர்கள். அந்தச் சகதி உங்கள் கிணற்றில் இருந்ததே இல்லை, அவன் கொண்டுவந்த கம்பியில் இருந்தது. இந்தக் கருவிகளில் ஒரு கம்பி இரும்பு, மற்றது பெரும்பாலும் அலுமினியம். தண்ணீரில் உப்புகள் கரைந்திருந்தால் மின்சாரம் பாயும். பாய்ந்தால் இரும்பு கரைந்து அங்கேயே துருவாகும். பச்சையும் பழுப்புமாக மிதந்தது அந்தத் துருதான். உங்கள் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம், கொஞ்சம் சாதா உப்பு எல்லாம் இருக்கும், இருக்கவும் வேண்டும். ஆர்.ஓ. இயந்திரம் அவற்றை ஏறக்குறைய முழுக்க நீக்கிவிடுவதால் கேன் தண்ணீரில் மின்சாரம் பாய வழியில்லை, கம்பியும் கரையவில்லை. அவ்வளவுதான் வித்தை. அடுத்த முறை வந்தால் அந்தக் கேன் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கலக்கிவிட்டு சுவிட்சைப் போடச் சொல்லுங்கள். அதுவும் கலங்கும். மருமகளைப் பக்கத்தில் நிறுத்திவைத்துச் செய்யச் சொல்லுங்கள், இல்லையென்றால் பிரயோஜனம் இல்லை.

அதே ஆட்கள் பேனா போன்ற ஒரு மீட்டரையும் எடுத்து நீட்டுவார்கள். அது காட்டுவது டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் மொத்தம். அதையும் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து ஊகித்துத்தான் சொல்கிறது. இந்தியக் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கிறது, வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை விடுகிறது. நம் குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் 100ஐக்கூடத் தொடாத கிணறுகள் பரிசோதனைக்கூடத்தில் என் கைவழியே நிறையப் போயிருக்கின்றன. இப்படிப்பட்ட தண்ணீருக்கு ஆர்.ஓ. எதற்கு? 500க்குக் குறைவாக இருக்கும் இடங்களில் ஆர்.ஓ. இயந்திரத்தையே தடை செய்யச் சொல்லி 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. உள்ளே போகிற தண்ணீரில் பாதிக்கு மேல் கழிவாக வெளியே ஓடுகிறது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

ஆனால் ஒன்று. மீட்டர் 70 காட்டுகிறது, அதனால் எங்கள் தண்ணீர் சுத்தம் என்று யாராவது சொன்னால் அதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த மீட்டருக்குக் கிருமி தெரியாது, பூச்சிமருந்து தெரியாது. ஈயத்துக்கும் ஆர்செனிக்குக்கும் அனுமதிக்கப்பட்ட அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அதைப்போல ஐந்து மடங்கு இருந்தாலும் மீட்டரில் எண் அசையாது. உங்கள் தண்ணீரில் பார்க்க வேண்டியது வேறு. அதைக் கீழே கருங்கல் வாசகருக்குச் சொல்லியிருக்கிறேன், படித்துக்கொள்ளுங்கள்.

கே: இறைக்கும்போது தெளிவாக இருக்கிற வெள்ளம், குடத்தில் வைத்துக் கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகிவிடுகிறது. அடியில் துரு. வேட்டியெல்லாம் பழுத்துப்போகிறது. குடிக்கலாமா? (ஒரு வாசகர், திருவட்டாறு)

ப: இரும்பு. நிலத்தடியில் காற்றுப் படாமல் இருக்கும்வரை இரும்பு நிறமில்லாமல் கரைந்து கிடக்கும். வெளியே வந்து ஆக்சிஜன் பட்டதும் துருவாகிப் படியும். சரல் மண் முழுக்க இரும்பு என்பதால் நம் ஊரில் இது சாதாரணம். லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் தாண்டினால் ருசியும் நிறமும் கெடும். தேயிலை போட்டால் மை நிறத்துக்குப் போகும். உடம்பைக் கெடுப்பதைவிட வேட்டியைத்தான் அதிகம் கெடுக்கும். உயரத்திலிருந்து ஊற்றி ராத்திரி முழுக்கத் திறந்து வைத்து, காலையில் மணல் பரப்பில் வடித்துக்கொண்டால் பெரும்பகுதி போய்விடும்.

உங்கள் பகுதியில் இரும்போடு புளிப்பையும் பாருங்கள். புளிப்பைக் காட்டும் எண் பிஹெச், அது குறையக் குறையப் புளிப்பு கூடும். அது 6.5 முதல் 8.5 வரை இருக்க வேண்டும். சரல் மண் கிணறுகளில் 6க்குக் கீழே போவதும் உண்டு. அந்தத் தண்ணீர் குழாயைத் தின்னும். பித்தளைக் குழாய்க்குக் கீழே பச்சையாகக் கறை விழுந்தால் செம்பு கரைகிறது என்று அர்த்தம். காலையில் முதலில் வருகிற தண்ணீரைக் குடிக்க எடுக்காமல் செடிக்கு விட்டுவிடுங்கள்.

கே: மணவாளக்குறிச்சி பக்கம் கடற்கரையில் வீடு. கருமணலில் தோரியம் இருப்பதால் கிணற்றுத் தண்ணீர் முழுக்கக் கதிர்வீச்சு என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. என் அம்மா புற்றுநோயில்தான் போனார். இந்தத் தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் பயமாக இருக்கிறது. இப்போது லேசாகக் கரிக்கவும் செய்கிறது. (ஒரு வாசகி)

ப: தங்கச்சி, நீங்கள் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. முதலில் தோரியத்தை முடித்துவிடுகிறேன்.

உங்கள் ஊர் மணலின் கதை 1909இல் தொடங்குகிறது. ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற தோரியக் கனிமம் இருப்பதைக் கண்டார். அது எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு வந்து சேர்ந்த இடம் மணவாளக்குறிச்சி. அந்தக் காலத்தில் கேஸ் விளக்கின் மேண்டிலுக்குத் தோரியம் வேண்டியிருந்தது. கறுப்பாகத் தெரிவது பெரும்பாலும் இல்மனைட் என்ற கனிமம், அதில் தோரியம் பெரிதாக இல்லை. சிவப்பு கார்னெட். தோரியம் இருப்பது மஞ்சள் பழுப்பான மோனசைட் துகளில், நம் நாட்டு மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு 8 முதல் 10 சதவீதம் வரை.

அந்தத் துகள் ஒரு பாஸ்பேட் கனிமம். அதை உடைத்துத் தோரியத்தைப் பிரிக்க ஆலையில் கடும் காரத்தில் வேகவைக்க வேண்டியிருக்கிறது. கிணற்றுத் தண்ணீருக்கு அது கரைந்து கொடுக்காது. தோரியம் சிதைந்து உண்டாகிற ரேடியம் கொஞ்சம் கரையும். அதனால் சந்தேகம் தீர வேண்டுமானால் ஆல்பா, பீட்டா கதிர்வீச்சுப் பரிசோதனை செய்யலாம். இந்தியத் தரத்தில் லிட்டருக்கு ஆல்பா 0.1 பெக்கரல், பீட்டா 1 பெக்கரல் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). உங்கள் ஊரில் இயற்கைக் கதிர்வீச்சு சராசரியைவிட அதிகம் என்பது உண்மைதான், ஆனால் அது முக்கியமாகத் தரையிலிருந்து உடம்பில் நேராகப் படுவது, தண்ணீர் வழியாக வருவது இல்லை.

புற்றுநோயைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இதே மணல் கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளியிலும் இருக்கிறது. அங்கே திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை வருடம் தொடர்ந்து கவனித்தது. ஒவ்வொரு வீட்டிலும் உள்ளேயும் வெளியேயும் கதிர்வீச்சை அளந்தார்கள். 2009இல் வெளியான முடிவு: கதிர்வீச்சு கூடின வீடுகளில் புற்றுநோய் கூடவில்லை. ஒரு ஆய்வு எல்லாக் கேள்விக்கும் பதில் ஆகாது. உங்கள் அம்மாவுக்கு ஏன் வந்தது என்று அந்த எண்ணிக்கையைக் காட்டிச் சொல்ல யாராலும் முடியாது, நானும் சொல்லப் போவதில்லை. கடற்கரை மணலை அள்ளி வீட்டுத் தரைக்கு அடியில் நிரப்பாதீர்கள், இவ்வளவு சொல்லலாம்.

இப்போது கரிப்பு. கடலோரத்தில் மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, கனமான கடல்நீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் இருந்தால் கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். இது நூறு வருடத்துக்கு மேலாகத் தெரிந்த கணக்கு. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: மோட்டார் வைத்து மேல்மட்டத்தை ஒரு அடி இறக்கினால், காலப்போக்கில் கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறி வரும். உங்கள் தெருவில் சமீபத்தில் யாராவது ஆழ்குழாய் போட்டார்களா, ஐஸ் ஃபேக்டரியோ லாட்ஜோ வந்ததா என்று விசாரியுங்கள்.

பரிசோதனைக்குக் கொடுக்கும்போது குளோரைடு பார்க்கச் சொல்லுங்கள். லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை நல்லது, 1000 கடைசி எல்லை. கடல்நீரில் 19,000 இருக்கும். மழைக்கு முன்னும் மழை முடிந்த பின்னும் இரண்டு தடவை பாருங்கள். மழைக்குப் பின் இறங்கினால் கிணறு இன்னும் பிழைத்திருக்கிறது. இரண்டு தடவையும் ஏறியே இருந்தால் இறைப்பைக் குறைக்க வேண்டும். சிறிது சிறிதாக, நாள் முழுக்கப் பிரித்து இறையுங்கள். உப்பு ஏறின கிணற்றைச் சுத்தம் செய்கிறேன் என்று அடிவரை இறைத்து வற்றவைப்பதுதான் இருப்பதிலேயே மோசமான வேலை. சுனாமிக்குப் பிறகு கடலோர ஊர்களில் அவசரத்தில் அதைச் செய்தவர்களும் உண்டு.

கிள்ளியூர் வட்டத்தில் மணல் எடுக்கும் திட்டத்தைப் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். மீனவ ஊர்கள் எதிர்க்கின்றன. கூட்டங்களில் கதிர்வீச்சைப் பற்றித்தான் அதிகம் பேச்சு. என்னைக் கேட்டால் முதல் கேள்வி மணல்மேட்டைப் பற்றியதாக இருக்க வேண்டும். அந்த மேடுதான் மழையைப் பிடித்து வைத்து ஊருக்கு நல்ல தண்ணீர் கொடுக்கிறது. மேட்டை எடுத்தால் அந்த ஒரு அடி போகும், கீழே இருக்கிற 40 அடியும் கூடவே போகும்.

கே: ஐந்து சென்டில் வீடு. பக்கத்து வீட்டு அண்ணாச்சி புதிதாகக் கட்டின செப்டிக் டேங்க், எங்கள் கிணற்றிலிருந்து இருபது அடிகூட இருக்காது. தண்ணீர் ருசி மாறவில்லை, மணமும் இல்லை. பயப்பட வேண்டுமா? அவரிடம் எப்படிச் சொல்வது? (ஒரு வாசகர், கருங்கல்)

ப: பயப்படுங்கள். இந்த மாதம் வந்த கடிதங்களிலேயே உண்மையில் பயப்பட வேண்டியது உங்களுடையதுதான், நீங்களோ எல்லாரையும்விட நிதானமாக எழுதியிருக்கிறீர்கள்.

செப்டிக் டேங்கின் கழிவுநீர் இறங்கும் குழி, குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரம். சுமார் 60 அடி. ஐந்து சென்ட் என்பது 2178 சதுர அடி. சதுரமாக அளந்தால் ஒரு பக்கம் 47 அடிகூட வராது, மூலைக்கு மூலை 66 அடி. ஆக ஐந்து சென்டில் கிணறும் குழியும் சட்டப்படி வைக்க வேண்டுமானால் இரண்டும் எதிரெதிர் மூலையில் இருக்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரரும் அதே கணக்கில் கட்டியிருக்க வேண்டும். நம் ஊரில் வீடு மட்டும் தனித்தனி, நிலத்தடியில் எல்லாரும் கூட்டுக் குடித்தனம்.

இதில் மண்ணும் சேர்ந்துகொள்கிறது. செம்புரைக்கல்லை உடைத்துப் பார்த்தால் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். நெருக்கமான களிமண்ணில் மெல்ல ஊர்ந்து வடிகட்டப்படுகிற கழிவுநீர், இதில் வேகமாகப் பாய்ந்துவிடும். போதாக்குறைக்கு, செப்டிக் டேங்க் என்று நாம் சொல்வதில் பாதி, அடியில் தளம் போடாமல் உறை இறக்கின குழிதான். கொத்தனாரிடம் கேட்டுப் பாருங்கள், ஒளிக்காமல் சொல்வார்.

இரண்டு பரிசோதனை போதும். ஒன்று ஈ.கோலை, அதாவது மலத்திலிருந்து வரும் கிருமி: 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இன்னொன்று நைட்ரேட்: லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. கிருமிக்குக் கொதிக்க வைத்தால் தீர்ந்தது, தளதளவென்று ஒரு நிமிடம் போதும். நைட்ரேட் கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். கைக்குழந்தைக்குப் புட்டிப்பால் கரைக்கிற வீடாக இருந்தால் இதை விளையாட்டாக எடுக்காதீர்கள். நைட்ரேட் கூடினால் ரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் குழந்தை நீலம் பாரிக்கும்.

தண்ணீரை எடுத்துவரும் பாட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை. நான் வேலையில் இருந்தபோது பிராந்தி பாட்டில், தேங்காயெண்ணெய் பாட்டில், அரிஷ்டம் இருந்த பாட்டில் எல்லாவற்றிலும் கொண்டுவருவார்கள். கழுவித்தான் கொண்டுவந்தேன் மேடம் என்று சத்தியம் வேறு. கிருமிப் பரிசோதனைக்குக் கூடத்திலேயே கிருமி நீக்கின பாட்டில் தருவார்கள், முதல் நாளே போய் வாங்குங்கள். மூடியின் உள்பக்கத்தைத் தொடாமல், நிரம்ப எடுக்காமல், ஐஸ் வைத்த பையில் அன்றைக்கே கொண்டு சேர்க்க வேண்டும். ஒரு நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் எடுத்தால் விஷயம் வெளுத்துவிடும்.

அதுவரைக்கும் பிளீச்சிங் பவுடர். 1000 லிட்டருக்கு இரண்டரை கிராம். கிணற்றின் குறுக்களவு 2 மீட்டர், தண்ணீர் 3 மீட்டர் என்றால் சுமார் 9,400 லிட்டர், அதற்கு 24 கிராம். வாளியில் குழைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கின பிறகு தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் விட்டுத்தான் இறைக்க வேண்டும். பழைய பாக்கெட் வேண்டாம், திறந்து வைத்த பவுடரில் குளோரின் பறந்து போயிருக்கும். ஆனால் ஊற்று கெட்டுக்கொண்டே இருந்தால் பவுடர் எத்தனை நாளைக்கு?

அண்ணாச்சியிடம் முடிவுத்தாளோடு போங்கள், வெறும் வாயோடு போகாதீர்கள். போவதற்கு முன் அவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரையும் சேர்த்துப் பரிசோதித்துவிடுங்கள். உங்கள் குழி அவர் கிணற்றிலிருந்து எத்தனை அடி என்பதையும் டேப் வைத்து அளந்துகொண்டு போவது நல்லது.

கே: ரப்பர் ஷீட் அடிக்கிற தண்ணீர் ஓடைக்குப் போகிறது. ஆசிட் கலந்ததுதானே, மீன் சாகாதா? (ஒரு வாசகர், குலசேகரம்)

ப: ரப்பர் பாலை உறைய வைக்க ஊற்றுவது ஃபார்மிக் ஆசிட். எறும்பு கடித்தால் எரிகிறதே, அதே அமிலம். அளவோடு ஊற்றினால் மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் சில நாளில் தின்று தீர்த்துவிடும். மீனைக் கொல்வது பெரும்பாலும் ஆசிட்டாக இருக்காது, பாலில் மிச்சமிருக்கும் புரதமும் சர்க்கரையும்தான். அவற்றைத் தின்னப் பெருகும் கிருமிகள் ஓடையிலுள்ள ஆக்சிஜனைக் காலி செய்துவிடும். விலை குறைவு என்று சல்ஃப்யூரிக் ஆசிட் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் தேங்கினால் அழுகின முட்டை நாற்றம் வரும், ஷீட்டும் நன்றாக இருக்காது. கிணற்றுக்கும் ஓடைக்கும் தூரமாக ஒரு குழி வெட்டி, கொஞ்சம் சுண்ணாம்பு போட்டு, ஊறின பிறகு நிறையத் தண்ணீர் சேர்த்து விளையில் தென்னைக்கு விடுங்கள்.

கே: நெல் போட்டுக்கொண்டிருந்த வயலில் வாழை வைத்திருக்கிறேன். நெல்லுக்கு நன்றாக இருந்த மண், வாழைக்குச் சத்தே இல்லாதது போல் இருக்கிறது. கடையில் டிஏபி உரம் கூடப் போடச் சொல்கிறார்கள். (ஒரு வாசகர், பூதப்பாண்டி)

ப: மண் அதேதான், தண்ணீர் வடிந்துவிட்டது. புளிப்பு மண்ணில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது, உள்ளே காற்றில்லாத வேதியியலால் புளிப்பு தானாகக் குறைந்து நடுநிலைக்கு வரும். நெல் அந்தச் சுகத்தில் வளர்ந்தது. வாழைக்காக வாய்க்கால் எடுத்து வடித்ததும் பழைய புளிப்பு திரும்பிவிட்டது. பிஹெச் 5.5க்குக் கீழே போனால் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கும். நீங்கள் போடும் டிஏபியின் பாஸ்பரசை இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் இன்னும் ஒரு மூட்டை போட்டாலும் வாழைக்குப் போய்ச் சேராது. பாஸ்பேட் உரத்தோடு சிறிதளவு காட்மியமும் வரும், புளிப்பு மண்ணில் பயிர் அதைக் கூடுதலாக இழுக்கும். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

முதலில் மண்ணைப் பரிசோதியுங்கள். வரப்பு, எருக்குவியல், மரநிழல் தவிர்த்துப் பத்துப் பதினைந்து இடத்தில் எடுக்க வேண்டும். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கி, 'வி' வடிவில் குழி வெட்டி, வாழைக்கு ஒரு அடி ஆழம் வரை பக்கச் சுவரைச் சீவுங்கள். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர் பாகத்தைத் தள்ளி, அரை கிலோ வரும்வரை இதையே செய்யுங்கள். நிழலில் உலர்த்துங்கள். யூரியா இருந்த சாக்கில் போட்டுக் கொண்டுபோகாதீர்கள். முடிவு வந்ததும் சுண்ணாம்போ டோலமைட்டோ எவ்வளவு என்று அதில் எழுதியிருப்பார்கள். சுண்ணாம்பையும் யூரியாவையும் ஒரே நாளில் போட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போகும், இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள்.

கே: தேரூர் குளத்தில் ஆகாயத்தாமரையை அள்ளிவிட்டால் குளம் சுத்தமாகிவிடுமா? (ஒரு வாசகி, சுசீந்திரம்)

ப: அள்ளிக் கரையிலேயே குவித்தால் ஆகாது, அழுகி மறுபடியும் அதே குளத்தில் இறங்கும். தூரமாகக் கொண்டுபோய் உரமாக்கினால் அது உறிஞ்சின சத்தும் சேர்ந்து வெளியேறும். வீட்டுச் சாக்கடையும் வயலில் மிஞ்சின உரமும் வந்துகொண்டிருக்கும்வரை ஆகாயத்தாமரை திரும்ப வரும். 2022இல் ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த குளம் என்று போர்டு வைத்தாயிற்று, சாக்கடைக்கு அது படிக்கத் தெரியாது.

கே: ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். அறிவியல் கண்காட்சிக்குத் தண்ணீர் பற்றிச் செலவில்லாமல் ஏதாவது செய்ய வேண்டும், ஆன்டி. (ஒரு மாணவி, நாகர்கோவில்)

ப: எரிமலை மாடல் செய்யாமல் எனக்கு எழுதினதற்கே சந்தோஷம், மக்களே. உங்கள் வீட்டுக் கிணற்றை அள. கயிற்றில் ஒரு கல்லைக் கட்டி, கைப்பிடிச் சுவரிலிருந்து தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று வாரம் ஒரு நாள் பார். எப்போதும் சுவரின் அதே இடத்திலிருந்து அளக்க வேண்டும், பெயிண்டால் ஒரு புள்ளி வைத்துக்கொள். நமக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமும் கிடைக்கிறது, ஜூனில் தொடங்கினால் இரண்டு ஏற்றத்தையும் பிடித்துவிடலாம். சாப்பாட்டு டப்பா ஒன்றை மொட்டைமாடியில் வைத்து மழையையும் அளந்து பக்கத்துக் கட்டத்தில் எழுது. டப்பாவின் வாயும் அடியும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். கிணற்றைக் காலையில், அம்மா மோட்டார் போடுவதற்கு முன்னால் அளந்துவிடு.